வலது கைப்பக்கம் வெள்ளைக் கழி

பம்பு வீடு
நவம்பர் 5

அண்ணிக்கு,

'நலம்'னு எழுதினேன், அப்புறம் அடிச்சிட்டேன். பேனா கிழிச்ச இடத்தைப் பாத்திருப்பீங்க. உங்ககிட்ட எதுக்குப் பொய்?

எனக்குப் பயமா இருக்கு அண்ணி. நேத்துக் காலையில கதவைத் திறந்தேன், வெளித் தாழ்ப்பாள்ல ஒரு நீர்க்கோழி தொங்குது. ரெண்டு காலையும் நூல்ல கட்டி, தலைகீழா. கழுத்தைத் திருகியிருக்காங்க. தொட்டுப் பாத்தா உடம்பு இன்னும் சூடா இருக்கு. அப்படின்னா நான் உள்ள பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தப்போ, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்னு நிதானமா முடிச்சுப் போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி காதை வச்சுக் கேட்டுட்டுத்தான் திறக்கறேன்.

காவக்காரரைக் கேட்டேன். அவரும் இந்தப் பம்பு வீட்டோட பின்னறையிலதான் தங்கியிருக்கார். "ஐயா, விடியக்காலம் யாராவது வந்தாங்களா?"ன்னேன். "ஆச்சும்மா, ரெண்டு ரொட்டி சாப்பிட்டேன்"ங்கறார். காது கொஞ்சம் மந்தம்னு சொல்லித்தான் ஆபீஸ்ல அனுப்பி வச்சாங்க. கொஞ்சம்னா எவ்வளவுன்னு அவங்களைத்தான் கேக்கணும்.

அப்படி என்னதான் வேலை அங்கன்னு கிளம்பும்போது கேட்டீங்க, அண்ணன் கத்தின கத்துல பதில் சொல்ல முடியல. இப்பச் சொல்றேன். இந்தச் சதுப்பு நிலம் முழுக்க ஒரு காலத்துல தண்ணியும் நாணலுமா கிடந்தது. பம்பு வச்சு, மதகைத் திறந்து விட்டுத் தண்ணியை வடிச்சாங்க. ஓரமெல்லாம் காஞ்சு மேய்ச்சல் ஆச்சு. நாணல் நடுவுல மட்டும் மிஞ்சியிருக்கு, பறவைங்களும் அங்கதான் ஒண்டிக்கிட்டு இருக்கு. இதைச் சரணாலயமா அறிவிக்கப் போறாங்க. மாசக் கடைசியில இன்ஜினியர் வந்து மதகை மூடுவார், தண்ணி திரும்ப ஏறும். அதுக்கு முன்னாடி கூடுகளைக் கணக்கெடுத்து எல்லையை வரைபடத்துல போட்டுக் குடுக்குறது என் வேலை. உத்தரவு வந்துட்டா லாரிக்காரர் இங்கேருந்து ஒரு கூடை கறுப்பு மண்ணுகூட அள்ளி விக்க முடியாது. நீர்க்கோழி ஏன் தொங்குச்சுன்னு இப்பப் புரிஞ்சிருக்கும்.

இங்க போன் எடுக்காது. படகுக்காரர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாமான் கொண்டு வருவார், அவர்கிட்டதான் இதைக் குடுக்கறேன். அண்ணன் எப்படி இருக்கான்? "சரணாலயம் வேணும்னா உன் வீட்டுல வச்சுக்கோ"ன்னு சொன்னானே, எனக்கு உங்க வீட்டை விட்டா வேற வீடு ஏது? அது அவனுக்கும் தெரியும்.

உங்கள் நாத்தனார்


கரை வீடு
நவம்பர் 7

அடி பொண்ணே,

உன் கடிதத்தைப் படிச்சுக்கிட்டே நின்னுட்டேன். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சதைக்கூட பாக்கல. மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு வந்து சேரு. பறவைக்குப் பயந்து ஓடி வந்தான்னு நாலு பேர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். உயிரோட இருக்கிறவளைப் பாத்துத்தானே சிரிப்பாங்க.

படகுக்காரர் உன் கடிதத்தைக் காலி பால் கேனுக்குள்ள போட்டுக் குடுத்தாரு. என் பதில் கேன் மூடித் துணிக்கு அடியில வரும், பாலைக் கவுத்துடாம எடு. ஆமா, அது நம்ம வீட்டுப் பால்தான். ஏதோ டீக்கடைக்குப் போகுதுன்னு உங்க அண்ணன் நெனச்சுக்கிட்டு இருக்காரு. தான் கறந்த பாலைத் தன் தங்கச்சி காப்பியில ஊத்திக் குடிக்கிறான்னு தெரிஞ்சா வீடு ரெண்டாயிரும்.

உன்னை இப்ப 'வாத்து'ன்னு சொல்றதே இல்ல. 'மேடம்'தான். "மேடம் இன்னும் எத்தனை முட்டை எண்ணணுமாம்?"னு சாப்பிடும்போது கேப்பாரு. முந்தாநாள் வாய் தவறி, "அங்க ஈரக்காத்து அடிக்குமே, போர்வை எடுத்துட்டுப் போனாளா?"ன்னுட்டாரு. நான் நிமிர்ந்து பாத்ததும் மாட்டைத் திட்ட ஆரம்பிச்சுட்டாரு. மாடு பாவம்.

என் பயம் வேற. லாரிக்காரர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்துட்டாரு. முன்னறையில உக்காந்து மெதுவாப் பேசறாரு. கத்துற ஆளைக் கண்டா எனக்குப் பயமில்ல, இப்படி மெதுவாப் பேசறவங்களைக் கண்டாத்தான் பயம். "பொண்ணுதானே, ரெண்டு தடவை பயமுறுத்தினா தானா ஓடிரும்"ங்கறாரு. உங்க அண்ணன், 'அது என் தங்கச்சி'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு சமையலறையில காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். சொல்லல. நான் வேணும்னே ஒரு குண்டானைக் கீழ போட்டேன். பேச்சு நின்னுச்சு.

இவரும் ஒரு மாதிரியாத்தான் இருக்காரு. கறவைக்கு முன்னாடியே எழுந்து பனியில எங்கேயோ போறாரு. தொழுவத்துக் கதவைக் கீலோட கழட்டியிருக்காரு. அது சேறும் சகதியுமா சுவத்துல சாஞ்சு கிடக்கு. ஏன்னு கேட்டா "கரையான்"ங்கறாரு. கரையான் அரிச்சா சேறு எப்படி வரும்?

ஒண்ணு மட்டும் ஒளிக்காமச் சொல்லு. நம்ம மேய்ச்சல் கரை உள்ள போகுதா, வெளிய நிக்குதா?

அண்ணி


பம்பு வீடு
நவம்பர் 10

அண்ணிக்கு,

நேத்து ஜன்னல்ல கல் விழுந்துச்சு. பட்டப்பகல்ல. கண்ணாடி என் தட்டுல தெறிச்சுது, சோத்தோட சேத்துக் கொட்டிட்டேன். வெளிய ஓடிப் பாத்தா நாணல் மட்டும் ஆடுது. எங்க சின்னப் படகோட அடியில யாரோ ஆணி அடிச்சு ஓட்டை போட்டிருக்காங்க. இப்ப படகுக்காரர் வந்தாத்தான் நாங்க இங்கேருந்து வெளிய போக முடியும். காவக்காரர் ஓட்டைக்குத் துணியைச் சொருகிட்டு, "இதுல மீன் புடிக்கலாம், உள்ளயே வரும்"னார். சிரிச்சேன். அப்புறம் அறைக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

நீங்க கேட்டதுக்கு இன்னும் பதில் எழுதாம சுத்திச் சுத்தி வர்றேன்.

உள்ளதான் போகுது அண்ணி. மேய்ச்சல் கரை மொத்தமும். கோட்டை வரைஞ்சது நான்தான், வேற யாரும் இல்ல. கரை ஓர வாய்க்கால்ல நீர்க்கோழி கூடு கட்டியிருக்கு, அது மட்டும் காரணம் இல்ல. அந்த இடம்தான் பள்ளம். அதை விட்டுட்டு மதகை மூடினா தண்ணி நிக்காது, அப்புறம் சரணாலயம்னு பலகை மட்டும்தான் நிக்கும். வேற மாதிரி வரைய முடியுமான்னு எத்தனையோ தடவை பாத்தேன். வீடு வெளியதான் இருக்கு. தொழுவமும் வெளியதான். புல்லு போயிடும். நஷ்ட ஈடு உண்டு, மாத்து நிலம் உண்டு, அதெல்லாம் நோட்டீஸ்ல இருக்கு, அண்ணன் படிச்சிருக்க மாட்டான்.

ஜன்னல் கல்லுக்குக்கூட நான் இவ்வளவு பயப்படல. இந்தக் கடிதத்தை நீங்க படிச்சு முடிச்சதும் எனக்குப் பதில் வராதோன்னுதான் பயமா இருக்கு.

நாத்தனார்


கரை வீடு
நவம்பர் 12

பதில் வராதோன்னு பயந்தியா? வந்திருக்கு, படி.

மாடுங்களுக்கு நான் பேர் வச்சிருக்கேன். உனக்கும் தெரியும், ஒண்ணுக்கு நீதான் வச்சே. அதுங்க நாளைக்கு எதைத் திங்கும்? உன் வரைபடத்தையா? இந்தக் கையால உனக்குத் தலை பின்னி விட்டிருக்கேன். நீ பரீட்சைக்குப் படிச்சப்போ உங்க அண்ணன் விளக்குக்குப் பக்கத்துல கொசு விரட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அந்தப் படிப்பை வச்சுத்தான் எங்க புல்லு மேல கோடு போட்டிருக்கே. நல்லா இரு.

உங்க அண்ணன் அளவுக்கு எனக்குக் கத்தத் தெரியாது. ஆனா இனிமே உனக்குப் பால் வராது. காலி கேனையும் திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன்.

நீ போட்ட கோட்டுக்கு நாங்க பயந்து சாகப் போறதில்ல. நேத்து இவர்கிட்ட சொல்லி அழுதேன். "அழாதே, எல்லை நம்ம கரையைத் தொடாது, நான் பாத்துக்கறேன்"னாரு. வெள்ளைத் தலை வச்ச கழிங்களை வரிசையா நட்டுக்கிட்டு நம்ம கரை வரைக்கும் வந்துட்டீங்களே, நான் தினம் தொழுவத்துலேருந்து பாக்கறேன். உங்க கழி எங்க நிக்குதோ அதுதானே எல்லை. அது எங்க நிக்கணும்னு கடவுள் முடிவு பண்ணட்டும்.

கதவை மட்டும் தாழ் போட்டுட்டுப் படு. கோவம் வேற, அது வேற.


பம்பு வீடு
நவம்பர் 14, வெள்ளிக்கிழமை

அண்ணிக்கு,

நீங்க திட்டினது அத்தனையும் நியாயம். தலை பின்னி விட்டதை எழுதியிருந்தீங்க, அதுக்கு மேல படிக்க முடியாம மடிச்சு வச்சிட்டு, மறுநாள்தான் மீதியைப் படிச்சேன்.

ஆனா ஒண்ணு தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. அந்த வெள்ளைக் கழி எல்லை இல்ல அண்ணி. எல்லை வரைபடத்துல இருக்கு, கழியை எங்க கொண்டு போய் நட்டாலும் கோடு நகராது. கழி எங்களுக்கு வழி. சேத்துக்கு அடியில ஒரு பழைய கல்கரை ஓடுது, ஒரு ஆள் நடக்குற அகலம்தான், உங்க கரைக்கு எட்டுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும். கம்பியால குத்திக் குத்திக் கண்டுபுடிச்சோம். அதுல நின்னா முழங்கால் வரைக்கும் சேறு, அதை விட்டு ஒரு எட்டு தப்பினா அடியே கிடையாது. அதனால கரையை ஒட்டிக் கழி நட்டு, தலையில வெள்ளை அடிச்சோம். போகும்போது கழி எப்பவும் வலது கைப்பக்கம் இருக்கணும், திரும்பும்போது இடது கைப்பக்கம். இங்க முதல் நாள் கத்துக்குற பாடமே அதுதான். பனியில எதிர்ல இருக்குற ஆளே தெரியாது, கழியோட வெள்ளைத் தலை மட்டும்தான் தெரியும்.

காவக்காரரே புதன்கிழமை தப்பு பண்ணிட்டார். உங்க கரைப் பக்கம் போனவர் இடுப்பு வரைக்கும் இறங்கிட்டார். நல்ல வேளை, நான் பின்னாடியே போனேன். கழியை நீட்டி இழுத்தேன், ஒரு செருப்பு உள்ளயே போச்சு. "கழி வலது பக்கம்தான் இருந்துச்சு, சத்தியமா"ங்கறார். காதுதான் போச்சுன்னு நெனச்சேன், கண்ணும் போச்சு போலன்னு திட்டிட்டேன். பாவம், காய்ச்சல்ல படுத்திருக்கார்.

அதனால ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் நான் தனியாத்தான் போகணும். உங்க கரை ஓரத்துக் கூடுங்க மட்டும்தான் பாக்கி. திங்கட்கிழமை பெரிய அதிகாரியும் இன்ஜினியரும் கணக்கைப் பாக்க வர்றாங்க, கணக்கு முடிஞ்சிருக்கணும். தனியாப் போகப் பயம்தான். லாரிக்காரர் ஆளுங்க நாணலுக்குள்ள நின்னா எனக்குத் தெரியாது. ஆனா கழி வழியை விட்டு நான் நகர மாட்டேன், அவங்களால அதுல வேகமா வர முடியாது. அந்த ஒரு தைரியம்தான்.

தொழுவத்துலேருந்து பாத்தா என் சிவப்புத் தொப்பி தெரியும். கோவம் தீர்ந்திருந்தா கையை ஆட்டுங்க.

நாத்தனார்


கரை வீடு
நவம்பர் 16, ஞாயித்துக்கிழமை

இதை யார் கொண்டு போவாங்கன்னு தெரியாமத்தான் எழுதறேன். கை சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிரும்.

உன் கடிதம் நேத்து சாயங்காலமே வந்திருச்சு. படகுக்காரர் காலி கேனைத் திண்டு மேல வச்சுட்டுப் போனாரு. கோவத்துல அதை நான் தொடவே இல்ல. தொட்டாத்தானே உள்ள கடிதம் இருக்குறது தெரியும்! இன்னைக்குக் காலையில கறவைக்குக் கேன் பத்தலன்னு கழுவ எடுத்தேன். துணிக்கு அடியில கடிதம். நின்னுக்கிட்டே படிச்சேன். வெளிச்சம் வந்திருச்சு, வெளிய பனி சுவர் மாதிரி நிக்குது.

காவக்காரர் விழுந்ததைப் படிச்சப்போ ஒண்ணும் தோணல. ரெண்டாம் தடவை படிச்சேன். 'கழி வலது பக்கம்தான் இருந்துச்சு, சத்தியமா.' அப்பத்தான் தொழுவத்துக் கதவு ஞாபகம் வந்துச்சு. கதவு, சேறு, விடியக்காலம். கேன் கையிலேருந்து விழுந்திருச்சு.

இவர் மாட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரு. "கழியை நகர்த்தினீங்களா?"ன்னேன். தலையைக் கூடத் தூக்கல. "நம்ம புல்லுக்காகத்தான். கதவைச் சேத்து மேல போட்டு, அதுல படுத்துத் தள்ளிக்கிட்டே போய் மாத்தினேன். நம்ம பக்கத்து வரிசை மொத்தத்தையும் உள்ள தள்ளி நட்டுட்டேன். எல்லை எங்க இருக்குன்னு இப்ப மேடம் தேடட்டும்"னாரு. சிரிச்சாரு வேற.

"அது எல்லை இல்லங்க. அது அவ நடக்குற வழி"ன்னேன்.

மனுஷன் மூஞ்சி செத்துப் போச்சு. நான் இத்தனை வருஷத்துல அந்த மூஞ்சியைப் பாத்ததில்ல. "இன்னைக்கு வரமாட்டாளே, ஞாயித்துக்கிழமையாச்சே"ன்னாரு. கடிதத்தை நீட்டினேன். படிச்சாரா இல்லையா தெரியல. மாட்டுக் கயித்தை அவுத்தாரு, கதவைத் தலைக்கு மேல தூக்கினாரு, செருப்புகூடப் போடாம ஓடிட்டாரு. பாதிக் கறந்த மாடு திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்குது.

உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கல. படகுக்காரர் வீட்டுக்கு ஓடினேன், பனி விலகாம படகு எடுத்தா ரெண்டு உயிர் கூடப் போகும்னு அவர் பொண்டாட்டி கதவை மறிச்சுக்கிட்டு நிக்கிறா. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா?

இப்ப கரையில நிக்கிறேன். தாளைக் கேன் மேல வச்சு எழுதறேன். ஒண்ணும் தெரியல. சிவப்புத் தொப்பி தெரியும்னு எழுதினியே, ஒண்ணுமே தெரியலடி. ஏதோ சத்தம் கேக்குது, அது உங்க அண்ணனா, நாரையா, தெரியல. கூப்பிட்டா என் குரல் எனக்கே திரும்பி வருது. நீ இன்னைக்குன்னு பாத்துத் தூங்கிப் போயிருக்கணும். காய்ச்சல் வந்திருக்கணும். காவக்காரர் உன்னைப் போக விட்டிருக்கக் கூடாது. என் கோவத்தை நானே அள்ளித் தின்னுடறேன், நீ வீட்டுக்குள்ள இருந்தாப் போதும்.

இப்ப அந்தச் சத்தமும் நின்னு போச்சு.


பம்பு வீடு
நவம்பர் 18

அண்ணி,

படகுக்காரர் உங்க ஞாயித்துக்கிழமை கடிதத்தைக் குடுத்தார். ஈரத்துல எழுத்தெல்லாம் கலைஞ்சிருக்கு, ஆனா படிச்சுட்டேன். அண்ணன் வீட்டுக்கு வந்து சேந்திருப்பான். நடந்ததை முழுசாச் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்லிடறேன். ஒரு தடவைதான் என்னால சொல்ல முடியும்.

கழி வலது கைப்பக்கம்தான் இருந்துச்சு. ஒரு கழி, அடுத்த கழி, அதுக்கடுத்தது. கால் வச்சேன், கல் இல்ல. அடுத்த காலைத் தூக்குறதுக்குள்ள தொடை வரைக்கும் போயிருச்சு. அப்பவே காவக்காரர் சொன்னது உண்மைன்னு புரிஞ்சுது. யாரோ என்னைக் கொல்லத்தான் மாத்தியிருக்காங்கன்னு நெனச்சேன். உதைக்கக் கூடாது, மல்லாந்து சாயணும், எல்லாம் தெரியும். தெரிஞ்சு என்ன, உடம்பு கேக்கணுமே. உதைச்சேன். நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. சேறு உள்ள அவ்வளவு குளிரா இருக்கும்னு எனக்குத் தெரியாது. கத்தினேன். பம்பு வீட்டுல இருக்கிற ஒரே ஆளுக்குக் காது கேக்காது.

அப்புறம் நாணல் பக்கம் ஏதோ சறுக்கிட்டு வர்ற சத்தம். உடனே வாயை மூடிக்கிட்டேன். லாரிக்காரர் ஆளுங்க, செத்தேனான்னு பாக்க வர்றாங்கன்னு நெனச்சேன். மூச்சைப் புடிச்சுக்கிட்டு, தொப்பியைக்கூடச் சேத்துக்குள்ள அமுக்கிட்டேன். சத்தம் என்னைத் தாண்டிப் போச்சு அண்ணி. தாண்டிப் போயே போச்சு. அப்பத்தான் "வாத்தே! ஏ வாத்தே!"ன்னு ஒரு குரல். அழுதுக்கிட்டே கூப்பிடற குரல். "இங்க இருக்கேன்"னேன்.

கதவு மேல குப்புறப் படுத்து வந்தான். கால் ரெண்டும் நாணல் கிழிச்சு ரத்தம். கயித்தைப் போட்டான், அக்குளுக்கு அடியில மாட்டிக்கிட்டேன். அவன் பின்னாடி நகர்ந்து, கல்கரை மேல கால் ஊனி இழுத்தான். கொஞ்சம் கொஞ்சமா வந்தேன். இடுப்பு வெளிய வந்துச்சு. அப்பக் கேட்டான்.

"இப்பவாவது கோட்டை மாத்துவியா?"

சும்மா "சரி"ன்னு சொல்லியிருக்கலாம். யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க. எனக்குத் தோணவே இல்ல. பயத்துல பொய்கூட வரல. "மாட்டேன் அண்ணா"ன்னேன்.

கயிறு நின்னு போச்சு.

எவ்வளவு நேரம்னு தெரியல. சேறு திரும்ப என்னைக் கீழ இழுக்குறது நல்லாத் தெரிஞ்சுது. பனியில அவன் மூஞ்சி தெரியல, கயித்தோட அந்த நுனியில ரெண்டு கை மட்டும் தெரிஞ்சுது. அசையாத கை. அப்புறம் கயிறு இறுகுச்சு. இழுத்தான். கதவு மேல தூக்கிப் போட்டு, தன் சட்டையைக் கழட்டி என் மூஞ்சியைத் துடைச்சான்.

அவன் மூச்சு வாங்கத்தான் நிறுத்தினானா, இல்ல யோசிச்சானா, எனக்குத் தெரியாது. நான் கேக்க மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க.

என்னைப் பம்பு வீட்டுல விட்டதும் திரும்பப் போயிட்டான், அத்தனை கழியையும் பழைய இடத்துல நடுறதுக்கு. நாளைக்கு வேற யாராவது நடப்பாங்கன்னான். வந்து காவக்காரர் கட்டில் முன்னாடி நின்னு, "கழியை மாத்தினது நான்தான்"னான். காவக்காரர் "என்னது?"ன்னார். இன்னும் சத்தமாச் சொன்னான். "என்னப்பா, கேக்கல"ன்னார். மூணாந் தடவை சுவர் அதிரக் கத்தினான். பெரியவர் கட்டிலுக்கு அடியில கிடந்த ஒத்தைச் செருப்பைக் காட்டி, "என் செருப்பையும் எடுத்துக் குடு"ன்னார்.

திங்கட்கிழமை அதிகாரிகிட்ட நடந்ததை எழுதிக் குடுத்துட்டேன், அண்ணன் பேரோட. அவனே எழுதச் சொன்னான். விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. இதுக்கு நீங்க என்னை மன்னிப்பீங்களான்னு தெரியல.

வாத்து


கரை வீடு
டிசம்பர் 9

வாத்துக்கு,

நானும் அப்படியே கூப்பிடறேன். அந்தப் பேருக்குத்தானே நீ பதில் சொன்னே.

விசாரணை முடிஞ்சுது. நீ எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க, எல்லாத்துக்கும் ஆமான்னாரு. அபராதம் போட்டிருக்காங்க. காவக்காரர் வந்து, புதுச் செருப்பு வாங்கிக் குடுத்துட்டான், எனக்கு வேற கோரிக்கை இல்லன்னு சொன்னாராம். லாரிக்காரர் ஒரு நாள் வந்தாரு. இவர் வாசல்ல நின்னு, உள்ள வராதேன்னு சொல்லிட்டாரு. அதுலேருந்து வீட்டுக்கு முன்னாடி லாரி மெதுவாப் போனா எனக்குத் திக்குன்னு இருக்கு. நீயும் கதவுல காதை வச்சுக் கேட்டுட்டே திற, அந்தப் பழக்கத்தை விட்டுடாதே.

மதகை மூடினதுலேருந்து தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. முதல்ல வாய்க்கால் நெறஞ்சுது, அப்புறம் புல்லு நுனி மட்டும் தெரிஞ்சுது, இப்ப அதுவும் இல்ல. மாத்து நிலத்துப் புல்லை மாடுங்க மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குதுங்க. நீ பேர் வச்சது மட்டும் திங்குது. நேத்து ஒரு நீர்க்கோழி தொழுவப் படியில ஏறி நின்னுச்சு. துடைப்பத்தைத் தூக்கிட்டேன், அப்புறம் இனிமே அதை விரட்டினா கேசு வருமோன்னு கீழ வச்சிட்டேன். உன் கோட்டை நான் இன்னும் மன்னிக்கல. உன்னை மன்னிச்சாச்சு. ரெண்டையும் கலக்காதே.

உன் அண்ணனை நான் ஒண்ணும் கேக்கல. கேக்க வேண்டியும் இல்லாமப் போச்சு. மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கட்டில்ல கண் அசந்தாருன்னா, ரெண்டு கையும் கயிறு இழுக்குற மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கு. தினமும் அப்படித்தான். கொஞ்ச நேரம் இழுக்கும், அப்புறம் ஒரு இடத்துல அப்படியே நின்னுடும். அசையாது. நான் பாத்திரத்தைக் கீழ வச்சிட்டு மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எனக்கு எல்லாம் தெரியும், நீ உயிரோட இருக்கேன்னு தெரியும், உன் கடிதம் இடுப்புலதான் இருக்கு. இருந்தாலும் பயமா இருக்குடி. ஒவ்வொரு தடவையும் பயமா இருக்கு.

இதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் திரும்ப இழுத்துட்டாரு.

பால் நாளையிலேருந்து வரும். எங்க போகுதுன்னு அவருக்குத் தெரியும்.

அண்ணி